தூசுக்குப் பின்னால் இருந்த நட்சத்திரம்

இன்று காலை ஆய்வகத்துப் பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது மேல்தட்டிலிருந்து ஒரு சார்ட் சுருள் என் தோளில் விழுந்தது. பிரித்தேன். உன் மகள் வரைந்த கோள். காய்ந்துபோன நீல வண்ணம் பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. கை கழுவ மனம் வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

இருவரும் ஒன்றாக எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்ததும் நான் தாம்பரத்தில் கல்லூரி வேலைக்கு வந்தேன், நீ இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனாய். இருபது வருஷம் நீ இயற்பியல் பக்கம் திரும்பவே இல்லை. சிகிச்சைக்காக நீண்ட விடுப்பு எடுத்து பீர்க்கன்கரணை வீட்டில் இருக்க நேர்ந்தபோதுதான் ஒருநாள் போன் செய்தாய். "சும்மா படுத்துக் கெடந்தா பைத்தியம் பிடிச்சுடும்டி. எனக்கு ஏதாவது கணக்கு குடு."

விண்வெளித் தொலைநோக்கி ஒன்று திரட்டிய தரவுகள் இணையத்தில் எல்லோருக்கும் கிடைத்தன. அதில் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மதியங்களில் உன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். அதன் ஒளி ஒரே இடைவெளியில் லேசாக மங்கி மறுபடி தெளிந்தது. அதற்கு முன்னால் ஒரு கோள் கடந்து போகிறது என்று அர்த்தம். ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள நாட்கள்தான் அந்தக் கோளின் வருஷம். அதை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று நீயே கணக்கிட்டாய். அந்தத் தூரத்தில் அதற்கு எவ்வளவு வெயில் கிடைக்கும் என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. அதிகமானால் தண்ணீர் ஆவியாகிவிடும், குறைந்தால் உறைந்துவிடும். தண்ணீர் தண்ணீராகவே நிற்கக்கூடிய இடைப்பட்ட வளையத்தைத்தான் வாழ்தகு மண்டலம் என்கிறோம். நட்சத்திரம் இங்கிருந்து தெரிகிற வெளிச்சத்தைக் கணக்கில் போட்டோம். கோள் மண்டலத்துக்குள்தான் இருந்தது. வெப்பமான விளிம்பை ஒட்டி, மயிரிழையில்.

கீமோவுக்கு அழாதவள் அன்று அழுதாய். உன் மகள் உட்கார்ந்து கடல் கடலாக வரைந்தாள். ஜனவரி கடைசியில் எங்கள் கல்லூரிக் கண்காட்சியில் வைப்பதென்று முடிவாகி, முதல்வர் 'தண்ணீர் இருக்கக்கூடிய கோள்' என்று பேனருக்கே சொல்லிவிட்டார்.

அதே வாரம் உன் வீட்டுக்காரர் என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போய்ப் புது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினார். கல்லீரலுக்குப் பரவியிருந்தது. "கொறைஞ்சிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க, ப்ளீஸ்" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமைகள் உன் எதிரில் உட்கார்ந்து கணினித் திரையைப் பார்த்தே பேசினேன்.

பொங்கலுக்கு முதல்நாள் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் அழைத்து வந்தேன். பெருங்களத்தூரில் வண்டி நகரவில்லை. ஊருக்குப் போகிற பஸ்கள், மூட்டை முடிச்சோடு ஜனம், சாலை வேலையில் கிளம்பிய புழுதி. பொழுது சாயும் நேரம். எதிரே வந்த வண்டிகளின் விளக்குகள் மங்கலாக, சிவந்து தெரிந்தன. டிரைவர் அண்ணா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் தூசுல எதையும் நம்ப முடியாதும்மா. லைட்டு டல்லா கீதேன்னு பாத்தா, வண்டி பக்கத்துல வந்துகினு இருக்கும்."

நீ அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "நடுவுல இருக்கற தூசை நாம கணக்குல எடுத்தோமா?" என்றாய். எந்தத் தூசு என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே, விண்வெளியில் மிதக்கிற தூசு. அது ஒளியை விழுங்கிவிடும். பிரகாசமான நட்சத்திரமும் மங்கலாகத் தெரியும். நாம் அதை எடுக்கவில்லை.

காணும் பொங்கலன்று மதியம் வரச் சொன்னாய். வீட்டில் நீ மட்டும்தான் இருந்தாய். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டதாகச் சொல்லித் தாளை நீட்டினாய். நட்சத்திரம் நாம் நினைத்ததைவிடப் பிரகாசம். கோளுக்கு வெயில் அதிகம். மண்டலத்துக்குள் இல்லை. பேனர் வந்துவிட்டது, தூசின் அளவும் ஒரு மதிப்பீடுதானே, பிள்ளைகள் கண்காட்சிக்கு இது போதாதா என்று நான் என்னென்னவோ சொன்னேன்.

"அங்க தண்ணி நிக்காதுடி. நாம ஆசைப்பட்டா நின்னுடுமா?"

லேப்டாப்பை மூடினாய். அதே குரலில் கேட்டாய்: "என் ரிப்போர்ட்டை நீ பாத்திருக்க, இல்ல? கொறைஞ்சிருக்குன்னு அவர் சொல்றாரு. எனக்கு வலி ஏறிக்கிட்டே போகுது. எது சரி?"

உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"கொறையலடி. லிவருக்குப் போயிருக்கு. இனி மாசக் கணக்குதான்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

நீ தண்ணீர் கேட்டாய். பாதி குடித்தாய். அழுதது நான்தான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விடு. எனக்கு யாராவது சொல்லியிருக்கணும்" என்றாய்.

கண்காட்சியில், அந்தக் கோள் வாழ்தகு மண்டலத்துக்குள் இல்லை என்று பெரிதாக எழுதி வைத்தோம். முதல்வர் முகம் சுருங்கிப் போயிற்று. தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு நீ பக்கத்திலேயே நின்றாய். அப்புறம் இதை எதுக்கு மேடம் வெச்சிருக்கீங்க என்று ஒரு பெண் கேட்டாள். "முன்னாடி தப்பா தெரிஞ்சிருந்துச்சு. இப்போ சரியா தெரியும். அதுக்குத்தான்" என்றாய். அவளுக்கு அது போதவில்லை. எனக்குப் போதும்.

ஆறு வருஷமாகப் பேசாமலிருந்த உன் அக்காவுக்கு அந்த வாரமே போன் செய்தாய். மதுரையிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. மகளோடு கோவளத்துக்குப் போய், முழங்கால் நனைய நின்று படம் எடுத்து அனுப்பினாய். எல்லாம் ஐந்து மாதம்.

நான் சொல்லிவிட்டது தெரிந்த நாளிலிருந்து உன் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிந்தது, அவருக்கும் உன்மேல் ஆசைதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் செருப்பு மாட்டும்போது வாசலுக்கு வந்தார். "நீங்க சொல்லலைன்னா அவங்க அக்கா வந்திருக்க மாட்டாங்க. நானும் கடைசி வரைக்கும் நடிச்சுக்கிட்டே இருந்திருப்பேன்" என்றார்.

உன்னிடம் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்று அதை நின்றுகொண்டே சொன்னேன், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல். இப்போது ஒரு மாணவியிடம் அவள் பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்று சொல்ல வேண்டியிருந்தாலும், முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பிறகுதான் வாய் திறக்கிறேன்.