தகட்டை எடுக்க ஒப்பமாட்டேன்

அனுப்புநர்
ஃபுசாயோ இதானோ,
நூடுல்ஸ் கடை நடத்துபவர்,
தொகுஷிமா, ஜப்பான்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மக்கள் நலவாழ்வுத் துறை,
தொகுஷிமா.

பொருள்: என் இடது கால் எலும்பில் பொருத்திய தகட்டை வரும் வியாழனன்று அகற்றும் முடிவை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஸ்கூட்டரில் சூப் கொண்டுபோகையில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஓராண்டாகியும் கூடவில்லை. இந்நகர எலும்பு மருத்துவமனையில், புதிய சிகிச்சைச் சோதனையாக, முறிவைச் சுற்றி ஒரு மெல்லிய தகட்டை வைத்தார்கள். காலை ஊன்றி அழுத்தும்போதெல்லாம் அதில் இம்மியளவு மின்சாரம் பிறந்து எலும்பை வளரத் தூண்டும். அழுத்தாவிட்டால் அது வெறும் தகடு. இதை இன்று அறிவேன், அன்று அறியேன்.

2. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் நிஷிகோரி வணங்கிச் சொன்னது இவ்வளவே: "நடங்கம்மா. ஆனா உடம்பை வருத்திக்காதீங்க." ஐயா, நம் ஊரில் ஒருவர் தலை தாழ்த்தி இப்படிச் சொன்னால், முதலில் சொன்னது உபசாரம், பின்னால் சொன்னதே உத்தரவு என்றுதானே கொள்வோம்? நானும் கொண்டேன், என் தெருவும் கொண்டது. குளியலறைக்குக்கூடத் தூக்கிச் சென்றார்கள். "வருத்திக்கலையே?" என்று மருத்துவர் கேட்கும்போதெல்லாம் "இல்லவே இல்லைங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் மகிழ்ந்தார். ஐந்து மாதம் தகடு சும்மா கிடந்தது.

3. எலும்பு வளரவில்லை என்றதும், "பொருள் பயனற்றது, அகற்றுக" என மருத்துவமனைக் குழு முடிவெடுத்தது. நம் ஊர்த் திருவிழாவில் என்னோடு ஆவா நடனம் ஆடும் தோழி தோமிகோவிடம் அழுதேன். அவள் மரியாதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, தொலைபேசியில் மருத்துவரைப் பிடித்தாள். "சுத்தி வளைக்காதீங்க. அவ நடக்கணுமா, கூடாதா?" "நடந்தே ஆகணும்மா. நடக்கலையா அவங்க?" என்று பதறினாராம். தோமிகோ என் பக்கம் திரும்பினாள். "அடி பைத்தியமே! அடுப்பே பத்த வைக்காம சோறு வேகலைன்னு ஒப்பாரி வைக்கிறியா? எந்திரிடி!"

4. எழுந்தேன். கடை மேசையைப் பிடித்துக்கொண்டு எங்கள் நடனத்தின் அடிகளையே மெதுவாக வைத்தேன். வலித்தது, கத்தினேன். சாப்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். சில வாரங்களில் வேறொரு மருத்துவரிடம் எடுத்த எக்ஸ்ரே படத்தில், முறிவின் இடைவெளியில் நூல்போல வெள்ளை தெரிகிறது. அது எலும்பு என்கிறார் அவர். அதை நீட்டியபோது, வெளியில் எடுத்த படத்தை ஏற்க விதியில்லை என்றது குழு. நிஷிகோரி மறுபடியும் தலை தாழ்த்தி வணங்கினார், அவ்வளவுதான்.

5. தகட்டைப் பிய்த்தால் அந்த நூலும் போகும். மறுபடி கூடும் என்று யாரும் உறுதி தரவில்லை. நாளெல்லாம் அடுப்படியில் நின்று பிழைப்பவள் நான். எனக்கு ஆத்திரம் வருகிறது, ஐயா. ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல் பேசியே காரியத்தைக் கெடுத்தோம், நானும் சேர்த்துத்தான். அதற்குத் தண்டனை என் காலுக்கா?

ஆகவே, அறுவையை நிறுத்தி, மூன்று மாதம் என்னை நடக்கவிட்டு, பின்னர் அவர்களே படம் எடுத்துப் பார்க்குமாறு ஆணையிட வேண்டுகிறேன். அப்போதும் எலும்பு வளராதிருந்தால் நானே வந்து படுக்கிறேன். தங்கள் ஆணை வராவிட்டாலும், வியாழனன்று அந்தக் கட்டிலில் நான் இருக்கமாட்டேன். கடையில் நின்றுகொண்டிருப்பேன். முடிந்தால் வந்து தூக்கிப் போகட்டும்.

இடம்: தொகுஷிமா
நாள்: ஜூன் 9

எழுந்து நின்று கையொப்பமிடும்,
ஃபுசாயோ இதானோ