ஒட்டகம் படுத்திருந்த சுவர்

ஜூன் 9

அன்புள்ள நாளைய மாடி அறைக்காரிக்கு,

இன்றைய மாடி அறைக்காரி எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று எங்கள் மாடிப்படியை நீ இரண்டிரண்டாகத் தாண்டி ஏறியதைப் பார்த்தேன். நலமில்லாதவர்கள் அப்படி ஏறமாட்டார்கள்.

கீழே பெரியவர்கள் பத்திரம், வங்கிக் கடன் என்று பேசிக்கொண்டிருந்தபோது நீ என் அறைக்கு வந்து, எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு புத்தக அலமாரியின் முன் நின்றாய். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த அறையை உனக்குத் தரலாம் என்று. போன மாதம் வீடு பார்க்க வந்த ஓர் அம்மாள் அதே அலமாரியைப் பார்த்து, "இதை இடிச்சிட்டா ஏசி மாட்டலாம்" என்றார். அவர் வாங்காமல் போனது நல்லதாகப் போயிற்று.

பரீட்சை முடியும்வரை நம் இருவருக்குமே போன் கிடையாது என்று தெரிந்ததும், கடிதம் எழுதலாம் என்று நான் சொன்னேன், நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நாங்கள் ஏன் போகிறோம் என்று கேட்டாய். அம்மா நர்ஸ். வேறு ஊரில் ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு பொறுப்பாளராக வேலை கிடைத்திருக்கிறது. அப்பா லிப்ட் மெக்கானிக். "லிப்ட் இல்லாத ஊர் எது? எங்க போனாலும் மேலயும் கீழயும்தான்" என்கிறார். அங்கே மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அதில் எனக்கும் ஓர் அறை. சின்னதுதான், ஆனால் கதவு உண்டு.

உன் அப்பா மேஜைமேல் முன்பண உறையை வைத்து, "அடுத்த வெள்ளிக்கிழமை மீதி பேப்பர் வேலையெல்லாம் முடிச்சிடலாம் சார்" என்றார். அப்பா உடனே, "உங்க வார்த்தை போதும்" என்றார்.

அறையைப் பற்றி ஒன்று. ஜன்னலின் இடது கதவு இறுகிக்கொள்ளும். தள்ளாதே, கொஞ்சம் தூக்கித் திற. இன்னொன்றும் இருக்கிறது. அறையில் ஒரு ரகசிய இடம் உண்டு. ஐந்து வயதில் கண்டுபிடித்தேன். அம்மா அப்பாவுக்குக்கூடத் தெரியாது. சாவி கைமாறும் நாளில் உன் காதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
இன்றைய மாடி அறைக்காரி


ஜூன் 17

அன்புள்ள இன்றைய மாடி அறைக்காரி,

உன் கடிதம் வந்தது. எனக்கு என்று தபாலில் எதுவும் வந்ததில்லை. தபால்காரர் என் பெயரைக் கேட்டதும் பயந்துவிட்டேன்.

உன்னைப்போல எனக்கு எழுத வராது. எங்கள் வீடு அப்பாவின் டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. என் அறைக்கு ஜன்னல் இல்லை. எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. தலை வாரினால் சீப்பில்கூட வரும்.

நீ எழுதுவது கதை படிப்பதுபோல இருக்கிறது. இன்னும் எழுது. மழை பெய்தால் மாடியில் சத்தம் கேட்குமா? மழைக்காலத்தில் வீடு எப்படி இருக்கும்?

உன்,
நாளைய மாடி அறைக்காரி


ஜூலை 1

அன்புள்ள நாளைய மாடி அறைக்காரிக்கு,

நீ கேட்ட நேரம் பார், நேற்று முழுக்க மழை. சத்தம் கேட்குமா என்றா கேட்டாய்? தகரக் கூரையில் யாரோ மூட்டை மூட்டையாகப் பட்டாணி கொட்டுவதுபோல இருந்தது. நம் அறைக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டு வண்டிக் கொட்டகை. அதன் கூரைதான் நமக்கு வாத்தியம்.

மழை என்றதும் உன்னிடம் ஓர் ஒட்டகத்தை அறிமுகப்படுத்த வேண்டும். மாடிப்படி திரும்பும் இடத்துச் சுவரில் பல வருடம் ஒட்டகம் போலவே ஓர் ஈரக்கறை இருந்தது. மழைக்காலத்தில் ஒட்டகம் எழுந்து நிற்கும், வெயில் வந்தால் படுத்துக்கொள்ளும். நான் பள்ளிக்குப் போகும்போது அதற்குக் கை காட்டிவிட்டுத்தான் போவேன். மே மாதம் அப்பா மொட்டை மாடியில் புதுப் பூச்சுப் போட்டு, உள்ளே பெயின்டும் அடித்துவிட்டார். நேற்று அவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒட்டகம் போயே போய்விட்டது. அது இருந்ததற்கு நீயும் ஒரு சாட்சியாக இருக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இப்போது ஒரு சின்னக் குறை. மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது. முதல் வெள்ளி வங்கி மேலாளர் விடுப்பு. அடுத்தது உன் பெரியப்பாவின் கையெழுத்து. மூன்றாவது வெள்ளி உன் அப்பா போனை எடுக்கவில்லை. அப்பா மத்தியானமே வேலையிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் இருட்டும்வரை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா உன் அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதே: 'அடுத்த வெள்ளிக்கிழமை'. "என்னங்க, உங்க அடுத்த வெள்ளிக்கிழமை போன் பண்ணாரா?" என்று கேட்கிறாள்.

இதற்கு நடுவில் கணவனும் மனைவியுமாக இரண்டு ஆசிரியர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, உடனே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா, "மன்னிச்சுக்குங்க, வார்த்தை குடுத்துட்டேன்" என்று அனுப்பிவிட்டார். அம்மா அன்று பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். எனக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. உன்னையும் நினைத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
இன்றைய மாடி அறைக்காரி


ஜூலை 9

அன்புள்ள இன்றைய மாடி அறைக்காரி,

ஒட்டகம் நன்றாக இருந்தது.

எங்கள் அப்பாவுக்குக் கடையில் நெருக்கடி, அதனால்தான் தாமதம். நீங்கள் எந்தத் தேதிக்குள் புது ஊருக்குப் போகவேண்டும்? அங்கே பார்த்த வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா? அந்த ஆசிரியர்கள் திரும்ப வந்தார்களா, வேறு யாராவது வீடு பார்க்க வருகிறார்களா? தாமதமானால் உங்கள் அப்பா என்ன செய்வதாக இருக்கிறார்?

உனக்குக் கஷ்டம் வரக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.

நாளைய மாடி அறைக்காரி


ஜூலை 18

அன்புள்ள நாளைய மாடி அறைக்காரிக்கு,

உன் கடிதம் இந்தமுறை கேள்வித்தாள் மாதிரி இருந்தது. நான்கு கேள்வி, எல்லாவற்றுக்கும் விடையளிக்கவும்! ஆனாலும் கடைசி வரியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வகுப்பில் யாரும் என்னிடம் இப்படி விசாரிப்பதில்லை. வீடு விற்கிறோம் என்றால், "அப்ப உன் சைக்கிளையும் விக்கிறியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அம்மா செப்டம்பர் ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தாக வேண்டும். புது வீட்டுக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஆகஸ்ட் இருபதுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அது கையைவிட்டுப் போய்விடும். ஆசிரியர்கள் வேறு தெருவில் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. உன் அப்பாவை நம்பி வாசலில் மாட்டியிருந்த பலகையையும் கழற்றிவிட்டோம்.

கடைசிக் கேள்விக்குப் பதில் உனக்கு மட்டும். நேற்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது படியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டுவிட்டது. "ரொம்ப இழுத்துச்சுன்னா விலையைக் குறைச்சாவது முடிச்சிடணும். வேற வழியில்ல." குறைத்தால் மூன்றாவது மாடி வீடு கிடைக்காதாம், சின்ன வீடுதானாம். அப்படி ஆகாது என்று நினைக்கிறேன். உன் அப்பா நல்லவர் என்று உன்னைப் பார்த்தாலே தெரிகிறது.

அலமாரியின் கீழ்த்தட்டில் உனக்காகப் பத்துப் புத்தகம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்றைய மாடி அறைக்காரி


ஆகஸ்ட் 2

அன்புள்ள உனக்கு,

நேற்று வெள்ளிக்கிழமை. உன் அப்பா வந்தார்.

நீ வரவில்லை. உனக்குக் காய்ச்சலா என்று கேட்டேன், "படிக்கிறா" என்றார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைப் பார்த்துச் சிரித்து, "என்னம்மா, அடுத்த வெள்ளிக்கிழமை வந்துட்டேன்ல" என்றார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தற்செயலாகச் சொல்கிறார், எப்போதும் அவர் வாயில் வருவதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு வீட்டை இன்னொரு முறை பார்க்கவேண்டும் என்று மாடிப்படி ஏறினார். திரும்பும் இடத்தில் நின்றார். சுவர் பளிச்சென்று இருந்தது. அதைக் கையால் தட்டி, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் சார், இங்கதான ஒட்டகம் படுத்திருந்துச்சு?"

அப்பாவுக்குப் புரியவில்லை. ஒட்டகம் என்று பெயர் வைத்தது நான். அதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

"ஈரம் சார், ஈரம். பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கீங்க. நான் டைல்ஸ்காரன், எனக்குத் தெரியாதா?" என்றார். அப்பா மொட்டை மாடிப் பூச்சைப் பற்றிச் சொன்னார். ரசீதைக் காட்டினார். உன் அப்பா கேட்டுக்கொள்ளவே இல்லை. பேசிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால்தான் வாங்குவாராம். "யோசிச்சு சொல்லுங்க. இருபதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கே" என்றார்.

இருபதாம் தேதியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் அம்மாவையும் அப்பாவையும் மாறிமாறிக் கேட்டுவிட்டேன்.

ஒட்டகம் போய்விட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை என்று அதே கடிதத்தில்தான் எழுதியிருந்தேன். அந்த வரிகள் யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

நீ என் கடிதங்களை எங்கேயோ வைத்திருந்தாய், அவர் உனக்குத் தெரியாமல் எடுத்துப் படித்துவிட்டார். அப்படித்தானே? அப்படித்தான் என்று ஒரு வரி எழுது. நான் நம்பிவிடுகிறேன்.

மாடி அறைக்காரி


ஆகஸ்ட் 11

மாடி அறைக்காரிக்கு,

அப்படி இல்லை.

நான்கு நாள் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதைப் பள்ளியிலிருந்து அனுப்புகிறேன். உன் போன கடிதத்தையும் இதையும் அப்பா பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாரும் பேசமாட்டோம். அப்பா என்னிடம் கேட்பதெல்லாம் "ஃபீஸ் எவ்வளவு?" மட்டும்தான். உன் முதல் கடிதம் வந்த அன்று பெருமையில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நல்லா எழுதுதே அந்தப் பொண்ணு" என்றார். அன்று முதல் கடையிலிருந்து மேலே வந்ததும், கைகூடக் கழுவாமல், "மாடிக்காரி எழுதினாளா?" என்று கேட்பார். என் பக்கத்தில் உட்காருவார். நான் படிப்பேன். உன் அம்மா வைத்த பட்டப்பெயருக்கு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நான்கு கேள்வியும் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. கடைசி வரி மட்டும் நானாக எழுதினேன். அது பொய் என்று எழுதும்போதே தெரியும். எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாது என்று இப்போது நான் சொல்லலாம். ஆனால் தெரியும்.

உன் கடிதங்கள் கடை மேஜையில், உங்கள் பத்திர நகலோடு ஒரே ஃபைலில் இருக்கின்றன. சில வரிகளுக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டிருக்கிறார்.

உங்கள் அப்பாவிடம், விற்கவேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் இனி என்னிடம் பேசமாட்டார். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அந்த ரகசிய இடத்தை இனி என்னிடம் சொல்லமாட்டாய், இல்லையா?

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 29

இன்றைய மாடி அறைக்காரிக்கு,

இன்று வெள்ளிக்கிழமை. ஒருவழியாக வந்துவிட்டது.

கீழே அப்பா சாவிகளை உன் அப்பாவிடம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தை உறையில் போடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். முக்கியமான வரிகளுக்குக் கீழே நானே கோடு போட்டிருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி வரை வேறு ஆள் தேடினோம். கழற்றிய பலகையைத் திரும்ப மாட்டினோம். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பூட்டை மட்டும் பாராட்டிவிட்டுப் போனார். பிறகு அப்பா உன் அப்பாவுக்கே போன் செய்தார்.

நான் என்ன எழுதினேன் என்பதை வீட்டில் ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

"எழுதினதுல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்லப்பா."

"சரி போ" என்று சொல்லிவிட்டு, பின்பக்கக் குழாயில் வாஷர் மாற்றப் போய்விட்டார். விற்ற வீட்டின் குழாய் அது. உங்களுக்குச் சொட்டக்கூடாதாம்.

இனி வீட்டைப் பற்றி. சமையலறையில் இடது சுவிட்ச் இரண்டாவது தட்டலுக்குத்தான் எரியும். மேலிருந்து மூன்றாவது படியில் ஒரு விரிசல் உண்டு, காலைக் கிழிக்காது. கிழக்குப் பக்கக் குழாய் வெயில் காலத்தில் மத்தியானம் வராது. விட்டுப்போன குறை எதுவும் இல்லை. ஜன்னல் கதவை மறந்துவிடாதே, தூக்கித் திற.

மூன்றாவது மாடி வீடு போய்விட்டது. வேறு வீடு பார்த்திருக்கிறார்கள், ஒரே ஓர் அறை. அது அம்மா அப்பாவுக்கு. அம்மாவுக்கு இரவு ஷிப்ட் வரும், பகலில் தூங்கவேண்டும். என் கட்டில் ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில். அலமாரிக்கு இடமில்லை. அதனால் கீழ்த்தட்டில் உள்ள பத்து மட்டுமல்ல, எல்லாப் புத்தகங்களும் இங்கேயே இருக்கும். பரிசு என்று நினைக்காதே. எடுத்துப்போக முடியவில்லை.

ரகசிய இடத்தை உன் காதில் சொல்வதாக எழுதியிருந்தேன். சொல்லப்போவதில்லை. நான் கொடுத்த வார்த்தையில் தவறுவது இது ஒன்றுதான்.

நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எதையும் நான் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் அங்கேதான் வைத்திருக்கிறேன். எத்தனை என்று உனக்குத் தெரியும். வேறு யார் கண்ணிலும் படாது. பத்து வருடம் இந்த வீட்டைத் துடைத்த அம்மா கண்ணிலேயே பட்டதில்லை.

தேடு. ஐந்து வயதில் எனக்குக் கிடைத்தது உனக்கும் கிடைக்கும். கிடைத்தால் யாரிடமும் சொல்லாதே.

இதையாவது சொல்லாதே.

இப்படிக்கு,
ஹால்காரி