பெயர் வாசிக்கும் நாளுக்கு வந்துவிடு

ஹொல்ஸ்டெப்ரோ
டென்மார்க்
செப்டெம்பர் 14

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். கிறீன்லாந்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் செபமாலை சொல்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்லுமுன் நீ டேனிஷில் எதையோ சொல்லிச் சிரிப்பாய், நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படிச் சிரித்துக் கடத்துகிற விஷயம் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழக் கூட்டிப்போனது வீண்போகவில்லை என்றால் எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி. அக்கா நிறோஷினி ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி வேலையை நிரந்தரமாக்கிவிட்டாள். அப்பாவுக்கு முழங்கால் நோ, ஆனாலும் சைக்கிளை விடமாட்டாராம். எனக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலையைக் குறைத்துவிட்டார்கள், அதனால் யோசிப்பதற்கு நேரம் கூடிப்போய்விட்டது.

மாசியில் ஊருக்குப் போய் வந்தோமே, அதில் உனக்குச் சொல்லாத ஒரு பயணம் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கண்டி பார்க்கப் போகலாம் என்று அப்பா சொன்னார். வாடகைக்கு வான் பிடிப்போம் என்றேன், "என்ன அவசரம், பஸ்ஸில ஆறுதலாப் போவம்" என்றார். அவர் சொன்னபடி பஸ் மாறி மாறி, வழியில் தேத்தண்ணி குடித்துக் குடித்துப் போனோம். குளமும் வெள்ளைத் தாதுகோபுரமும் உள்ள ஒரு சின்னச் சிங்கள ஊர் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். இறங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. உன் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, வெளிநாடு போகவென்று கொழும்பு பஸ் ஏறியவர், கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. சண்டைக்காலம் அது. வழியில் இந்த ஊரில் தேத்தண்ணிக்கு இறங்கியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார், அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. நீ பிறந்தபோது அவருடைய பெயரைத்தான் அப்பா உனக்கு வைத்தார். ஆனால் அவர் செத்துப்போனார் என்று மட்டும் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நவம்பர் மாதம் நம் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை வைப்பார்கள் அல்லவா, அதற்குத் தம்பியின் பெயரையும் கொடுப்போமா என்று நான் கேட்காத வருடம் இல்லை. "உயிரோட இருக்கிறவனுக்கு ஏன் பூசை" என்று வாயை அடைத்துவிடுவார். நம் வாசல் லைட்டை விடிய விடிய எரியவிடுவதும் அந்த மனுசனுக்காகத்தான். ஹொல்ஸ்டெப்ரோ என்று ஒரு ஊர் இருப்பதே சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்காது என்று நான் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறேன்.

அங்கே ஒரு விதவை அம்மா நடத்துகிற விடுதியில் தங்கினோம். அமைதியான ஊர், மகன். அவ்வளவு அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வெள்ளை உடுத்த சனங்கள் தாமரைப் பூவோடு விகாரைக்குப் போவார்கள், ஒருவரும் சத்தமாகக் கதைக்கமாட்டார்கள், நாய்கூட எழும்பி வழிவிட்டுப் படுக்கும். அப்பா காலையும் பின்னேரமும் கடைத்தெருவில் மெல்ல மெல்ல நடப்பார். நான் பின்னால் போவேன். பிறகு கவனித்தேன், அவர் கடையையோ கோபுரத்தையோ பார்க்கவில்லை. வயதான ஆம்பிளைகளின் முகத்தைப் பார்க்கிறார். சவரக் கடையில் இருந்தவரை, தேங்காய் விற்றவரை, பஸ்ஸுக்கு நின்றவரை, ஒருவரையும் விடவில்லை. காணாமல் போகும்போது சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயது, இப்போது இருந்தால் கிழவன். அந்தக் கிழவனைத் தேடுகிறார். ஒரு மனிதர் திரும்பிச் சிரித்தபோது அப்பா அப்படியே நின்றுவிட்டார். அந்த மனிதர் வழி கேட்கிறோமாக்கும் என்று நினைத்து ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

போகிற நாள் காலையில் விடுதி அம்மா தன் புருசனின் ஆண்டுத் தானத்துக்கு எங்களையும் கூப்பிட்டார். பிக்குமார் வந்து சாப்பிட்ட பிறகு, கூசா என்கிற மூக்கு வைத்த செம்பிலிருந்து ஒரு கிண்ணத்துக்குள் தண்ணீர் வழியும்வரை ஊற்றிப் புண்ணியத்தைச் செத்தவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். "உங்கட ஆக்கள் பேரும் சொல்லுங்க, அவங்களுக்கும் சேரும்" என்று அந்த அம்மா தெரிந்த தமிழில் சொன்னார். நான் என் தாய் தகப்பன் பெயரைச் சொன்னேன். அப்பா சும்மா இருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பிப் போய் அந்தக் கூசாவில் கையை வைத்துத் தம்பியின் பெயரைச் சொன்னார். உன் பெயரைச் சொன்னார், மகன். வயதான பிக்கு அதைத் தன் ராகத்தில் இரண்டு தரம் சொன்னார், தண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தது. நான் பெற்று, நான் கூப்பிட்டு வளர்த்த பெயர் செத்தவர்களின் பெயர்களோடு போகிறது, நான் கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே வந்து அப்பா, "இவ்வளவு வருசமா அவனைத் தெருவில நிக்க வைச்சிட்டன்" என்று சொல்லிக் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அவரைத் தேற்றினேன். அன்றைக்கே உனக்குப் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. கண்டியில் நின்ற நேரம் முழுக்க எடுத்தேன். ஏதோ ஒரு கிராமத்துக்குப் படகில் போய் மின்சாரம் திருத்தினாயாம், சிக்னல் இல்லையாம், எல்லாம் நல்லம் அம்மா என்று டேனிஷில் ஒரு வரி அனுப்பினாய். அந்த ஒரு வரி வருமுன் நான் பட்டது கடவுளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்த நாளே அப்பா வாசல் லைட்டை நிறுத்திவிட்டார். இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறார். நான்தான் எழும்பிப் போய் மறுபடி போட்டுவிட்டு வந்து படுக்கிறேன், யாருக்காக என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. இது மூடநம்பிக்கை என்று நம் கோயில் சுவாமியாரே சொல்லிவிட்டார். எனக்கும் தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது. படகில் ஏறும்போது அந்த மிதவை உடுப்பை மறக்காமல் போடு, கூடப் போகிறவர்கள் போடாவிட்டாலும் நீ போடு. மூடுபனியில் போகச் சொன்னால் முடியாது என்று சொல், வேலை போனால் போகட்டும். பாணும் தயிரும் மட்டும் தின்று வயிற்றைக் காயப்போடாதே.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த நவம்பர் பூசைக்குச் சித்தப்பாவின் பெயரை அப்பா கொடுத்துவிட்டார். நம் கோயிலில் அந்தப் பெயரைச் சத்தமாக வாசிக்கும்போது நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். உன் கையை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காலநிலை சரியில்லை என்று விமானத்தை நிறுத்துவார்கள், ஆகையால் ஒரு கிழமை முந்தியே வெளிக்கிடு. மாதா உன்னைக் காப்பாற்றட்டும், நீ கால் வைக்கும் இடமெல்லாம் உறுதியாக இருக்கட்டும்.

உன்னை நினைத்தபடியே,
அம்மா
மேரிசெலின் சூசைப்பிள்ளை

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை, பார்த்திருப்பாய். எழுதக் கை வரவில்லை. தெருவில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியையும் கழற்றிவிட்டார்கள், கடையில்தான் கொடுக்க வேண்டும், பெயரில்லாத உறையை யார் வாங்குவார்கள் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக் கடிதம் முழுவதையும் வாசித்தார். உறையை இழுத்து எடுத்து எமில் என்று பெரிதாக எழுதினார். பிறகு, "இவன்ர விலாசத்தைச் சொல்லு" என்றார். தெருவும் வீட்டு இலக்கமும் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.