2178-ஐக் கண்டுபிடித்தது யார்?

ஜூலை 7, திங்கள்

வகுப்பில் பத்துக் கம்ப்யூட்டர், ஆறுதான் வேலை செய்கிறது. ஒன்றுக்கு இரண்டு பேர். என் பக்கத்தில் என் கணவரின் தம்பி றுஸ்தி. ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே மெஷின். அவனுக்கு விரல் வேகம். நான் வரி சொல்ல அவன் டைப் பண்ணுவான். ஆறு மாதமாக அப்படித்தான்.

இன்று எங்களுக்குப் படிப்பிக்கும் உதயராஜ் சேர் ஒரு கணக்குத் தந்தார். நான்கு இலக்க எண். நான்கால் பெருக்கினால் அதே இலக்கங்கள் தலைகீழாக வர வேண்டும். அதைத் தேட ஒரு புரோகிராம். நன்றாக எழுதும் ஒருவரின் பெயரைக் கண்டியில் ஒரு கம்பனிக்கு அனுப்புவாராம்.

அந்த இடம் எனக்கு வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு படிப்பு போதும் என்று றம்ஸி சொல்லிவிட்டார். கட்டிய புருஷன், சொன்னால் சொன்னதுதான்.

ஜூலை 8

அடுப்படியில் யோசித்தேன். ஆயிரத்திலிருந்து தொடங்கு. பத்தால் வகுத்தால் மீதி கடைசி இலக்கம். ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பி அடுக்கு. 2500-ஐத் தாண்டத் தேவையில்லை, நான்கு மடங்கு ஐந்து இலக்கமாகிவிடும்.

பருப்பு அடிப்பிடித்தது. றம்ஸியின் உம்மா, என் மாமி, ஏசினார். ஏசட்டும்.

ஜூலை 9

2178! நான்கு மடங்கு 8712.

முதலில் புரோகிராம் நிற்காமல் ஓடியது. பத்தால் வகுத்து எண்ணைக் குறைக்கும் வரியை றுஸ்தி விட்டிருந்தான். பிடித்தது நான்.

ஜூலை 11, வெள்ளி

கண்டிக்கு றுஸ்தியின் பெயர் போகிறது.

யார் டைப் பண்ணுகிறாரோ அவர் பெயரில்தான் பைலைச் சேமிப்போம். வகுப்பு வழக்கம். சேர் திறந்தார், பெயரைப் பார்த்தார், அவனைப் பாராட்டினார். அவன் குனிந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை. நானும்தான் திறக்கவில்லை — ஏன்? எல்லார் முன்னாலும் புருஷனுடைய தம்பியைக் கள்ளன் என்பதா?



ஜூலை 12

றம்ஸியிடம் சொன்னேன். "அவனுக்குக் கெடச்சா என்ன, ஒனக்குக் கெடச்சா என்ன? ஒரே வீடுதானே."

ஒரே வீடாம்! அப்ப நாளைக்கு றுஸ்தியே பருப்பு அவிக்கட்டும்.

ஜூலை 15

பஸ்ஸில் வேறு சீட்.

ஜூலை 17, வியாழன்

இன்று அவனுக்கு இன்டர்வியூ. பதினொரு மணிக்குக் கண்டியிலிருந்து போன். "மதினி, அஞ்சு இலக்கத்துக்கு மாத்தச் சொல்றாங்க. எந்த வரிய மாத்தணும்?"

ஒரே வரி. பத்தாயிரத்திலிருந்து இருபத்தையாயிரம் வரை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை, போனை வைத்துவிட்டேன். நல்லா வேணும் அவனுக்கு. வேணுமா? வேணும்.

பின்னேரம் வந்து அடுப்படி வாசலில் நின்றான். "டைப் பண்ணினதுதான் நான், யோசிச்சது எங்கட மதினின்னு அங்க சொல்லிட்டேன்" என்றான். வேறு வழியில்லாமல் சொன்ன உண்மை. இருந்தாலும் றம்ஸியின் காதிலும் மாமியின் காதிலும் விழும்படி சொன்னான். இருபத்தெட்டாம் திகதி என்னைக் கம்பனிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஜூலை 21, திங்கள்

நேற்று பருப்பு றுஸ்தி அவித்தான். உப்பில்லை. றம்ஸி உப்பைத் தூவிச் சாப்பிட்டார்.

இன்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை! எல்லாரையும் திட்டினேன், ஆறு மாதம் அதைத் தொடாமல் இருந்தது நான்தானே. பதினான்கு வரிக்கு முக்கால் மணி நேரம், ஒற்றை விரலால்.

"நான் டைப் பண்ணவா மதினி?"

"கைய எடு."

21978. நான்கு மடங்கு 87912.

பைலுக்கு என்ன பெயர் என்று கேட்டது. றிஸ்மியா என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன்.