சசிகலாவுக்கு வந்த இங்கிலீஷ் சொல்

மாரமங்கலம்
4.11.2024

பிரியமுள்ள வனிதாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சௌக்கியமா? சேலத்தில் எங்கள் எஸ்டேட்டின் ஹெட் ஆபீசிலேயே வேலை கிடைத்ததும் ஹாஸ்டல் சிநேகிதியை மறந்துவிட்டாய். போகட்டும்.

போன வாரம் காப்பிச் செடிக்கு மருந்தடிக்க, என்னோடு வேலை செய்கிற அம்மாசியையும் கூப்பிட்டார்கள். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். முகத்துக்குக் கட்ட ஒரு துணிகூடத் தரவில்லை. "அவ வரமாட்டாளுங்க. நானும் அடிக்கமாட்டேனுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லி, முதுகில் இருந்த மருந்து டேங்க்கை இறக்கிவைத்தேன். உடனே ஹெட் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு தாள் வந்துவிட்டது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் படித்துச் சொன்னார். இன்சபார்டினேஷன் என்ற இடம் வந்ததும், "இது நொம்பப் பெரிய வார்த்தைங்க அம்மிணி" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் விசாரணை. அதற்கு என்னடி அர்த்தம்?

உன்
சசிகலா

சேலம்
9.11.2024

அன்பு சசிக்கு,

மேலே இருப்பவர் இடும் நியாயமான உத்தரவுக்குத் தெரிந்தே பணியாமல் இருப்பதுதான் அது. மறதியும் தாமதமும் அதில் சேராது. வீட்டில் அடங்காத பிள்ளைக்கு அதைச் சொல்லமாட்டார்கள். பட்டாளத்திலும் ஆபீசிலும்தான் அந்தப் பேச்சு. ஆளை வேலையைவிட்டு அனுப்ப அந்த ஒரு சொல் போதும்.

இனி எழுதுவதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்தத் தாளை டைப் அடித்தவள் நான். "சொன்ன வேலையச் செய்யலைன்னு போடும்மா" என்றுதான் ஆபீசர் சொன்னார். எடுப்பாக இருக்கட்டும் என்று அகராதியில் தேடி அதைப் போட்டேன். எஸ்டேட் ஆட்கள் பட்டியலில் மூன்று சசிகலா. நீயாக இருக்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

விசாரணையில் இந்தக் கடிதத்தைக் காட்டு; அந்தச் சொல் ஆபீசர் சொன்னதல்ல, நான் போட்டது என்று தெரியட்டும். எனக்கு வருவது வரட்டும். நீ டேங்க்கை இறக்கிவைத்ததை நினைத்தால் எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா!

வனிதா

மஞ்சக்குட்டை
6.1.2025

என் தங்கமான வனிதாவுக்கு,

விசாரணை முடிந்தது. "தெரிஞ்சேதான் மாட்டேன்னியா?" என்றார்கள். "ஆமாங்க, தெரிஞ்சேதானுங்க" என்றேன். "மாசமா இருக்கறவள மருந்தடிக்கச் சொல்றது நியாயமுங்களா?" என்றும் கேட்டேன். என்னை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். ஆனால் அம்மாசியை அதற்கப்புறம் மருந்து வேலைக்குக் கூப்பிடவே இல்லை. நான் இங்கே வேறொரு எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறேன், ஜீப்பில் வந்து போகிறேன். கஷ்டம்தான்.

உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் என் வேலை தப்பியிருக்கும், உன் வேலை போயிருக்கும். இரண்டு பிள்ளைகளோடு தனியாக நிற்கிறவள் நீ. அப்படியும் எழுதினாயே, அந்த மனசு யாருக்கடி வரும்! படித்த அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டேன்.

உன்
சசி