விளக்கை எடு, வடக்கே போ

கொழிஞ்சாம்பாறை
9 ஜூன் 2024

அன்புள்ள பாண்டிக்கு,

பெட்டிகள் சாந்தன்பாறை போய்ச் சேர்ந்த விஷயத்தை ஜீப் டிரைவர் என் வீட்டுக்காரி கமலாத்தாளுக்குப் போன் பண்ணிச் சொன்னார். குரல்வளையை எடுத்துவிட்ட ஆளிடம் போனில் என்ன சொல்ல என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். தூசி ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதும் கமலாத்தாளுக்கு வசதியாகிவிட்டது. பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்கடை ஆக்ரிக்கடையாக அலைந்து நான் சேர்த்த பழைய கம்ப்யூட்டர்கள் இருந்த அறையில் இப்போது என் கட்டில் கிடக்கிறது. உன்னை விட்டால் யாரிடம் கொடுப்பேன்? வேறு எவனாவது வாங்கியிருந்தால் உடைத்துச் செம்பை எடுத்திருப்பான்.

ரப்பர் பட்டன் வைத்த கறுப்பு மிஷினைப் பத்திரமாக எடு. ஐ.டி.ஐ. படிக்கும்போது பொள்ளாச்சி கம்ப்யூட்டர் சென்டரில் நாம் ஆடிய அதே வகை. அந்தக் குகை ஆட்டத்தின் கேசட்டும் கூடவே இருக்கிறது. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். இரண்டு வார்த்தையில் கட்டளை அடித்தால் என்ன நடந்தது என்று மிஷின் சொல்லும். நாம் புதையலை எடுப்பதற்குள் சென்டரை மூடிவிட்டார்கள், நினைவிருக்கிறதா? அதை முடிக்காமல் போக எனக்கு மனசில்லை மாப்பிள்ளை. நான் கட்டளையை எழுதுகிறேன், நீ அதை இங்கிலீஷில் அடித்து அது சொல்வதை எழுது.

மொபைலில் அனுப்பலாமே என்கிறாள் மகள் கிருத்திகா. அதில் உடனே பதில் வந்துவிடும். எனக்கு இப்போது காத்திருக்க ஏதாவது வேண்டும்.

விளக்கை எடு. வடக்கே போ.

தங்கச்சி முருகேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பூபதிராஜா


சாந்தன்பாறை
27 ஜூன் 2024

மாப்ளே பூபதிக்கு,

வீட்டில் வைத்தால் மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று மிஷினை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே வைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் நான் ஒருவன்தானே, யார் கேட்கப் போகிறார்கள். கேசட் ஓடும்போது வந்த கீச்சுச் சத்தத்தைக் கேட்டு, சாப்பாடு கொண்டுவந்த முருகேஸ்வரி உள்ளே எதைப் போட்டு அறுக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

விளக்கு உன் கையில் இருக்கிறது. வடக்கே ஒரு குகை, மூன்று வழி பிரிகிறது. நானாக ஒரு வழியில் ஓடிப் பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், பேசிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் 'புரியவில்லை' என்ற ஒரே பதில். எங்கள் மேனேஜரே தேவலை.

உடம்பைப் பார்த்துக்கொள். கஞ்சியை மிச்சம் வைக்காதே.

பாண்டீஸ்வரன்


கொழிஞ்சாம்பாறை
20 செப்டம்பர் 2024

அன்புள்ள பாண்டிக்கு,

போன தடவை நான் அனுப்பிய கட்டளைகளிலும் பாதிக்கு மேல் புரியவில்லையா? அந்த மிஷினை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இப்போது என்னிடம் நேர்மையாக நடந்துகொள்வது அது ஒன்றுதான். நேற்று ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினேன். கமலாத்தாள் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டுப் போய் டீ கொண்டுவந்தாள். ஆசையாகக் கொண்டுவந்தவளை என்ன செய்வது, குடித்தேன். ஸ்லேட்டில் எழுதிக் காட்டலாம்தான். அதற்கு அவள் கண்ணாடியைத் தேட வேண்டும், எனக்குக் கை நடுங்கக் கூடாது. கிருத்திகாவும் தலையாட்டுகிறாள், பார்க்க வருகிறவர்களும் தலையாட்டுகிறார்கள். நான் என்ன சொன்னேன் என்று ஒருவர்கூடத் திருப்பிக் கேட்பதில்லை.

கிழக்கே போ. கயிற்றைக் கட்டு.

பூபதிராஜா


சாந்தன்பாறை
19 அக்டோபர் 2024

மாப்ளே,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே துலாமழை அடித்து ஊற்றுகிறது. போன வாரம் ஸ்டோர் மேலேயே இடி விழுந்து மோட்டார் கருகிவிட்டது. மிஷினுக்கு ஒன்றும் இல்லை, நீ பயப்படாதே.

நல்ல செய்தி சொல்கிறேன். கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டாய். கீழே ஒரு வாய்க்கால், தண்ணீர் சில்லென்று இருக்கிறது. காற்றில் ஏலக்காய் மணம். அக்கரையில் ஒரு கதவு, அதன் முன்னால் காவல்காரன் நிற்கிறான். அடுத்தது என்ன, சொல்.

பாண்டீஸ்வரன்


கொழிஞ்சாம்பாறை
8 நவம்பர் 2024

அன்புள்ள பாண்டிக்கு,

மறுபடியும் கட்டி வந்திருக்கிறதாம். திங்கட்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

இதை அடி: காவல்காரா, எனக்குப் பேச வராது, சண்டை போடவும் தெம்பில்லை, கொஞ்சம் தள்ளி நில்.

பூபதிராஜா


சாந்தன்பாறை
21 நவம்பர் 2024

மாப்ளே,

தைரியமாக இரு. காவல்காரன் உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் தலையைக் குனிந்து வழி விட்டான். கதவு திறந்துவிட்டது. உள்ளே புதையல் பெட்டி தெரிகிறது. எடு என்று ஒரு வார்த்தை எழுது, போதும். முடிந்தது என்று எழுதிவிடுகிறேன்.

பாண்டீஸ்வரன்


கோயமுத்தூர்
4 டிசம்பர் 2024

அன்புள்ள பாண்டிக்கு,

இடி விழுந்த அன்றே மிஷின் போய்விட்டது, இல்லையா?

அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூட 'புரியவில்லை' என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்துதான் ஒரு முழு வரியை எழுதி அனுப்பினேன். இரண்டு வார்த்தைக்கு மேல் அதன் மண்டையில் ஏறாது என்பதை நீ மறந்துவிட்டாய். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். வீட்டில்தான் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், இவனுமா என்று கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். சாயங்காலம் நானே எடுத்து நீவி மறுபடி படித்தேன். டூட்டி முடிந்து வந்து எனக்காக உட்கார்ந்து ஒரு குகையையே கட்டியிருக்கிறாய். காவல்காரன் தலை குனிந்த இடத்தில் அழுதுவிட்டேன். எனக்கு இப்போது அழுதாலும் சத்தம் வருவதில்லை. பக்கத்தில் இருந்த கமலாத்தாளுக்குத் தெரியவில்லை.

புதையலை மட்டும் கொடுத்துவிடாதே மாப்பிள்ளை. சும்மா வந்தது எனக்கு வேண்டாம்.

எப்போது ஊருக்குப் போகலாம் என்று எழுதிக் காட்டினால் இங்கே டாக்டரும் தலையாட்டுகிறார். அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த மிஷின் இருந்தால் என்ன சொல்லுமோ அதை மட்டும் சொல்.

வீட்டுக்குப் போ.

பூபதிராஜா


சாந்தன்பாறை
22 டிசம்பர் 2024

மாப்ளே பூபதி,

நீ கேட்டதை எழுத என் கை வரவில்லை. 'வழி திறந்துவிட்டது' என்று எழுதி ஒட்டி, பூப்பாறைக்குப் போகும்போது தபாலில் போட எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் கிருத்திகா போன் பண்ணிவிட்டாள். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மிஷின் அன்றே போய்விட்டது, நீ சொன்னது சரிதான். இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கரண்ட் வேலை பார்த்தவன், உன் கயிற்றை எப்படிக் கட்டுவது என்ற யோசனையில் விட்டுவிட்டேன். எதை எதையோ மாற்றிப் பார்த்தும் அது எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து கிளம்பும்போது கமலாத்தாள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். அங்கே நின்றுகொண்டு சொன்னாள்: "அவரு என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குப் பாதி புரியலீங்கண்ணா. கேட்டா மனசு ஒடஞ்சிருமேன்னு புரிஞ்ச மாதிரியே இருந்துட்டனுங்க."

நானும் அதைத்தான் செய்தேன் என்று அவளிடம் சொன்னேன். ஜன்னலுக்குப் பதில் டீ வந்ததைப் பற்றி நீ எழுதியதையும் சொன்னேன். அவள் உள்ளே போய் உன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

எழுதி வைத்திருந்த பதிலைக் கிழித்துவிட்டேன். இதை எங்கே போடுவது என்று தெரியவில்லை, ஆனாலும் நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போ.

புரியவில்லை.

எனக்கும்தான் மாப்ளே.

உன்
பாண்டி