இடிந்த அரங்கின் முன் நின்ற அண்ணாவுக்கு

என் பிரியமான அண்ணா,

நீங்கள் எங்களை விட்டுப் போனபிறகு வந்த முதல் குளிர்காலம் இது. மெல்பேர்னில் இன்று கை விறைக்க விறைக்க நின்றுவிட்டு வந்திருக்கிறேன். எங்கே என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இலங்கையிலிருந்து சிட்னிக்கு வந்த முதல் வாரமே என்னை அந்தப் பழைய அரங்குக்குக் கூட்டிப்போனீர்கள். மேல்மாடியில் மலிவான இருக்கை. கூரை முழுவதும் பொன்பூச்சுப் பூக்கள். மேடையில் ஒபேரா என்ற இசைநாடகம்; ஒருத்தி இத்தாலிய மொழியில் பாடிக்கொண்டே செத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டும் விளங்கேல்லை அண்ணா."

"விளங்காட்டிப் பரவாயில்லை பிள்ளை. அவளின்ரை மூச்சைக் கேள்."

கேட்டேன். அழுதுவிட்டேன்.

பிறகு நான் கல்யாணமாகி மெல்பேர்னுக்கு வந்துவிட்டேன். அலுவலகக் கட்டடம் எழுப்புவதற்காக அந்த அரங்கை இடித்தபோது, நீங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எதிர்த்தெருவில் நின்றீர்களாம். மேல்மாடி விழுந்ததும் தொப்பியைக் கழற்றினீர்களாம். துறைமுகத்தில் சிப்பி வடிவக் கூரையோடு புதிய ஒபேரா மாளிகை திறந்தபோது ஊரே திரண்டது. நீங்கள் மட்டும் போகவில்லை.

அந்த மாளிகையை வைத்து என் கணவர் உங்களைச் சீண்டாத நத்தார்ப் பண்டிகை உண்டா?

"சிட்னிக்காரர் சிப்பியைக் கட்டிப்போட்டுத் தம்பட்டம் அடிக்கினம். எங்கடை மெல்பேர்ன் பழைய தியேட்டருக்குக் கிட்ட வருமோ?"

"உங்களிட்டை அந்தச் சிப்பியும் இல்லையே, மச்சான்!"

காலே வைக்காத மாளிகைக்காக என்ன ரோசம் உங்களுக்கு!

நோய் முற்றிய பிறகு நீங்களாகவே, "ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போ" என்றீர்கள். கூட்டிப்போனேன். இடைவேளையில் கண்ணாடிச் சுவரோரம் நின்று துறைமுகத் தண்ணீரையே பார்த்தீர்கள். "வடிவாத்தான் கட்டியிருக்கிறாங்கள். இது வாறதுக்கு அது ஏன் போகவேணும், பிள்ளை?"

இப்போது, இவர் பெருமையடித்த எங்கள் தியேட்டரையும் பூட்டிவிட்டார்கள். இடிக்கப்போகிறார்களாம். அதன் வாசலில்தான் இன்று பதாகை பிடித்து நின்றேன். டிராமில் இறங்குவதற்கு மணியடிக்கவே கூசுகிற நான்! இவரும் வந்தார். கட்டடத் தொழிலாளர்கள் தாங்கள் இதை இடிக்கக் கைவைக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினோம். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

திரும்பி வரும்போது இவர் மெல்லச் சொன்னார்: "இண்டைக்கு உன்ரை அண்ணர் இருந்திருக்கவேணும்." பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இது தப்புமா, அண்ணா? தெரியவில்லை. கதவு திறந்தால் என் மகளைக் கூட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறுவேன். திறக்காவிட்டால், அன்று நீங்கள் நின்றதுபோல, வாசலில் நிற்பேன். இரண்டில் ஒன்று நிச்சயம்.

உங்கள் ஒரே தங்கை,
பூரணி